தப்பா எடுக்கத் தெரியாத கேமரா

அதெல்லாம் சரிங்க சார். வெளிச்சத்த அதுவே பாத்துக்கும், போகஸும் அதுவே பண்ணிக்கும், பிலிமையும் அதுவே சுத்திக்கும்னு சொல்றீங்க. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். இதுல தப்பா எடுக்க முடியுமா?

சிரிக்காதீங்க. நெசமாத்தான் கேக்குறேன். மெட்ராஸ்லேர்ந்து பொட்டியத் தூக்கிக்கினு இவ்ளோ தூரம் வந்தவர உக்கார வெச்சி கிண்டல் பண்ணுவனா? வேணும்னே மூஞ்சி தெரியாம, கலங்கலா, ஒண்ணுத்துக்கும் ஒதவாத மாதிரி ஒரு படம். பட்டன அமுக்குனா அப்பிடி விழுமா? விழாது, இல்ல? அதான் சார் எனக்குப் பிரச்சன.

அந்த ஸ்டூலு ஆடும், இந்தாண்ட வந்து நாற்காலில உக்காருங்க. உள்ள டீ போட்டுக்கினு இருக்கா. எங்க வூட்டுக்காரி. வெளிய செல்வி ஸ்டுடியோன்னு போர்டு பாத்தீங்களே, அது அவ பேருதான். செந்தமிழ்ச்செல்வின்னு முழுசா எழுதுனா எடம் பத்தாதுன்னு பெயிண்டரு தலைய வெட்டிட்டான். அவதான் உங்க கம்பெனிக்குக் கடுதாசி போடச் சொன்னதே. பஸ் ஸ்டாண்டாண்ட ரெண்டு ஸ்டுடியோவுலயும் ஆட்டோ கேமரா வந்துடுச்சி, கல்யாண ஆர்டரு பூரா அவங்களுக்கே போவுது, நீ மட்டும் லென்சு வளையத்தத் திருகிக்கினு உக்காந்திருன்னு தெனம் பாட்டு. அவ சொல்றதுலயும் நாயம் இருக்குது. இல்லன்னு சொல்லல.

எது? அந்த மால போட்ட போட்டோவா?

அவ தம்பி சார். தங்கதுரை. எனக்கு மச்சினன். போன தையில பூட்டான். இருவத்தஞ்சு முடியல. ஆமா, கண்ணு நல்லா விழுந்திருக்குது. எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க. எந்தக் கேமராவா? இருங்க, சொல்றேன். ஒரு பக்கத் தோளு தூக்கினாப்ல இருக்குதுன்னா? பரவால்லியே, தொழிலு தெரிஞ்சவருதான் நீங்க. கரும்புக்கட்டு தூக்கித் தூக்கி அப்பிடி ஆயிடுச்சின்னு செல்வி சொல்லுவா. நானும் ஆமான்னுடுவேன்.

கொஞ்சம் மெதுவாப் பேசுறேன், கோச்சிக்காதீங்க. உள்ள கேக்கும்.

தோ, இதான் என்னோட கேமரா. கையில வாங்கிப் பாருங்க. கனமா இருக்குதா? இந்த வளையம் வெளிச்சத்துக்கு, இது போகஸுக்கு, மேல இருக்கிறது ஸ்பீடு. வெளிச்சம் அளக்குற மீட்டர்லாம் செத்துப்போயி வருசம் எட்டாச்சி. நானே வானத்தப் பாப்பேன், மூஞ்சியப் பாப்பேன், ஒரு நம்பர் வெப்பேன். நூத்துக்கு அஞ்சு தப்பாப் போவும். அந்த அஞ்சும் என் தப்பு. அதுல ஒரு நிம்மதி இருக்குது சார். உங்களுக்கு அது புரியாது, நீங்க விக்கிறவரு.

கல்வராயன் மலைக்குப் போயிருக்கீங்களா? போயிட்டு வாங்க, நல்லாருக்கும். வெள்ளிமலைக்கும் அந்தாண்ட ஒரு ஊர்லேர்ந்து குப்பன்னு ஒருத்தரு வந்தாரு ஒரு தபா. பொண்டாட்டியோட சேந்து ஒரு போட்டோ வேணும், ஆனா அவ கீழ எறங்கி வர மாட்டா, நீ மேல வான்னாரு. போனேன். அந்தம்மா பேரு வெள்ளச்சி. சின்ன வயசுல அடுப்புல வுழுந்து ஒரு பக்கக் கன்னம் பூரா தழும்பு. கேமராவப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிக்கினு நின்னுடுச்சி. குப்பன் கெஞ்சுறாரு, நான் கெஞ்சுறேன், ஊகூம்.

அப்பறம் நான் ஒண்ணு பண்ணேன். அந்தம்மா கையில ஒரு புடி சாமக் கதிரக் குடுத்து நெஞ்சுக்கு முன்னால புடிச்சிக்கச் சொன்னேன். போகஸக் கதிர் மேல வெச்சிட்டேன். இந்த வெளிச்ச வளையத்த முழுசாத் தொறந்துட்டேன். பனியும் எறங்கிக்கினு இருந்திச்சி. கதிரு ஒண்ணொண்ணா எண்ணலாம், அந்த மாதிரி விழுந்திச்சி. அதுக்குப் பின்னால ரெண்டு மொகமும் சும்மா இப்பிடி, இருந்தும் இல்லாம. தழும்பு எங்கன்னு தேடணும். படத்த எடுத்துக்கினு போயிக் குடுத்தப்ப அந்தம்மா ரொம்ப நேரம் பாத்துக்கினே இருந்திச்சி. அப்பறம் கேக்குது, இது நான்தானான்னு. நீதான் தாயின்னேன். என் தொழில்ல நான் கர்வப்பட்டது அன்னிக்குத்தான்.

உங்க மிசினு இன்னா பண்ணியிருக்கும்? மூஞ்சியப் புடிச்சி, தழும்பப் பளிச்சினு காட்டியிருக்கும். கரெக்டாத்தான் காட்டியிருக்கும், தப்பு சொல்லல. ஆனா யாருக்கு அந்தக் கரெக்டு வேணும்?

இல்லீங்க, ஆட்டோ கேமரா தெரியாம பேசல. எனக்கு அனுபவம் இருக்குது. ஒரே ஒரு நாளு புடிச்சிருக்கேன். எண்பத்தேழுல.

நீங்க மெட்ராஸ்காரரு, பேப்பர்ல படிச்சிருப்பீங்க. எங்க ஆளுங்க தனி ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் ரோட மறிச்சாங்களே, அந்த செப்டம்பரு. புளியமரத்தயெல்லாம் வெட்டி ரோட்ல தள்ளிட்டாங்க. உளுந்தூர்பேட்டைக்கும் போவ முடியாது, சங்கராபுரத்துக்கும் போவ முடியாது. படிச்சிட்டு வேல இல்லாம குந்திக்கினு இருந்த பசங்க பூரா ரோட்லதான். தங்கதுரை பிளஸ் டூ பாஸு. அவங்க ஊர்லயே பாஸான மூணு பேர்ல ஒருத்தன். கரும்பு வெட்டிக்கினு இருந்தான். அவன் போவாம வேற யாரு போவாங்க?

மொத நாளே பந்தோபஸ்துக்கு வெளியூர்லேர்ந்து ஒரு இன்ஸ்பெக்டரு வந்தாரு. நேரா ஸ்டுடியோவுக்கு வந்துட்டாரு. தூரத்துல இருக்கிறதக் கிட்ட காட்டுற லென்சு ஊர்லயே எங்கிட்டதான் இருந்திச்சி. ரோட்டாண்ட ஒரு ரைஸ் மில்லு மாடில ஏறி நின்னு, மரம் வெட்டுறவன் மூஞ்சியெல்லாம் எடுத்துக் குடுன்னாரு. முடியாதுன்னு சொல்ற ஊரா சார் இது? ஆக்சிடெண்டு, தூக்கு, எதுன்னாலும் போலீசு கூப்ட்டா நாங்கதான் போயி எடுக்கணும். பழகிப்போச்சி.

ஏறிட்டேன். கூட்டம் நூறடி தூரத்துல. எல்லாம் எங்க சனம். பாதி பேரு கல்யாணத்துக்கு நான்தான் போட்டோ எடுத்திருக்கேன். போகஸ எட்டடிக்குத் திருப்பி வெச்சிட்டேன். அவ்ளோதான். வெச்சிட்டு, மூணு ரோலு, டக்கு டக்குன்னு எடுத்துத் தள்ளுனேன். இன்ஸ்பெக்டருக்கு ரொம்ப சந்தோசம், டீ வாங்கிக் குடுத்தாரு. சாயங்காலம் கழுவி பிரிண்டு போட்டுக் காட்டுனா, ஒரு படத்துலயும் ஒரு மூஞ்சி கெடையாது. ரோடு பூரா பூசணிக்கா கொட்டி வெச்சாப்ல இருந்திச்சி. லென்சுல பூஞ்ச புடிச்சிருக்குது சார், பழசுன்னேன். அவரு என்ன ஒரு பார்வ பாத்தாரு. எழுந்து பூட்டாரு.

எனக்கு அன்னிக்கு எவ்ளோ பெரும தெரியுமா? ஜெயிச்சிட்டேன்னு நெனச்சிக்கினேன்.

சாப்பிட தங்கதுரை வூட்டுக்கு வந்தான். பஸ்ஸு இல்ல, ஊருக்குப் போவ முடியாது, அந்த வாரம் பூரா அக்கா வூட்லதான் சோறு. செல்வி தோச ஊத்திப் போட்டுக்கினே இருக்கா. அவன் சொல்றான், மாமா, மேலேர்ந்து போட்டோ எடுக்குறாங்கன்னு எல்லாரும் மூஞ்சில துண்டு கட்டிக்கிறானுங்க, நானும் நாளைக்குக் கட்டிக்கப்போறேன்னு. நான் சும்மா இருந்திருக்கலாம் இல்ல? வாயி சும்மா இருக்காதே. மேல இருக்கிறது யாருன்னு தெரியுமாடா, உங்க மாமன்டா. நான் மேல இருக்கிற வரைக்கும் ஒருத்தன் மூஞ்சியும் விழாது, நீ தைரியமா நில்லுன்னேன். போகஸ எப்பிடி மாத்துனேன்னு கேமராவ வெச்சி நடிச்சி வேற காட்டுனேன். அக்காளும் தம்பியும் வுழுந்து வுழுந்து சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு இன்னும் காதுலயே இருக்குது சார்.

மறுநாளு மில்லு மாடி ஏறுறேன், இன்ஸ்பெக்டரு எனக்கு முன்னாடியே அங்க நிக்கிறாரு. உன் லென்சுதான் பூஞ்ச புடிச்சிடுச்சே, தோ இத வெச்சி எடுன்னு ஒரு கேமராவக் கையில குடுக்குறாரு. புத்தம் புதுசு, நீள லென்சோட. அவரு மச்சினன் சிங்கப்பூர்லேர்ந்து கொண்டாந்ததாம். திருகுறதுக்கு ஒண்ணுமில்ல, அமுக்குனா போதும், மீதிய அதுவே பாத்துக்கும்னாரு. இப்ப நீங்க சொன்னீங்களே, அதே வார்த்த.

கைய வெச்சி முன்னால மறைச்சிப் பாத்தேன். வெரல எடுய்யான்னாரு. ஆட்டிப் பாத்தேன். நல்ல வெயிலு, அந்த ஸ்பீடுக்கு ஆட்டம்லாம் ஒண்ணும் பண்ணல. ஆளுங்கள வுட்டுட்டு மரத்தப் பாத்து எடுத்தேன். பொடணில தட்டுனாரு. ஆனா ஒரு நல்லது பாருங்க, கூட்டத்துல முக்காவாசிப் பேரு துண்டு கட்டியிருந்தான். எடுத்தாலும் துண்டுதான் விழும்னு மனசத் தேத்திக்கினேன்.

தங்கதுரையும் கட்டியிருந்தான் சார். பயந்த பையன், கட்டிக்கினுதான் வந்திருந்தான். வெட்டிப் போட்ட மரத்து மேல ஏறி நின்னுக்கினு, கையில கோடாலி. மேல நிமிந்து பாத்தான். என்னத் தெரிஞ்சிக்கினான். மாமன் நிக்கிறாரு, அப்பறம் எதுக்குத் துண்டுன்னு நெனச்சானோ இன்னாவோ, அவுத்துக் கழுத்துல போட்டுக்கினு என்னப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சிட்டு, கையத் தூக்கி ஆட்டுனான். எந்தக் கையி? கோடாலி வெச்சிருந்த கை.

அதான் அந்தத் தோளு.

உள்ள ஏதோ சத்தம் கேட்டுதா? இல்ல, ஸ்டவ்வு சத்தந்தான். பம்ப்பு ஸ்டவ்வு, அது அணைஞ்சாதான் டீ ரெடின்னு அர்த்தம். நேரம் இருக்குது.

இந்தத் தபா இன்ஸ்பெக்டரு என்ன நம்பல. ரோல அவரே கழட்டி விழுப்புரத்துக்கு அனுப்பிட்டாரு. ரெண்டு நாளு கழிச்சி நெகட்டிவ எடுத்தாந்து, இந்த இந்த மூஞ்சிய மட்டும் பெருசு பண்ணுன்னு எங்கிட்டயே குடுத்தாரு. பாத்தா, ரோலு பூராவும் துண்டு கட்டுன தலைங்க. முழுசா ஒரே ஒரு மூஞ்சி. கோடாலியத் தலைக்கு மேல ஓங்கிக்கினு யாரையோ வெட்டப் போற மாதிரி. சிரிப்பு கூட அந்தக் கோடாலியோட சேத்துப் பாத்தா வேற மாதிரி இருந்திச்சி. அவன் மாமனுக்குக் கை காட்டுறான்னு எந்தக் கோர்ட்டுல போயி சொல்றது?

சொல்லியிருக்கலாந்தான். நீங்க கேக்குறது சரிதான். நான் சொல்லல. கூண்டுல ஏறி, எடுத்தது நான்தான்னு சொன்னா செல்விக்குத் தெரிஞ்சிடும்.

புடிச்சிட்டாங்க. மரம் வெட்டுனது ஒரு கேசு. ரெண்டு மைலு தள்ளி ஒரு பஸ்ஸுக் கண்ணாடிய எவனோ ஒடைச்சிருந்தான், அதையும் இவன் தலைல கட்டிட்டாங்க. கடலூரு ஜெயில்ல மூணு மாசம். வெளிய வந்தவன் நேரா இங்கதான் வந்தான். செல்வி கட்டிப் புடிச்சிக்கினு அழுவுறா. எந்தப் பாவி பேப்பர்காரன்டா உன்ன எடுத்தான், உங்க மாமன் மேல இருந்தும் காப்பாத்த முடியாமப் பூட்டுச்சேன்னு கேக்குறா. நான் செவத்தப் பாத்துக்கினு நிக்கிறேன். அவன் ஒரு நிமிசம் என்னப் பாத்தான். ஆமாக்கா, எவனோ மெட்ராஸ்லேர்ந்து வந்த பேப்பர்காரன்னான். அவ்ளோதான் சொன்னான்.

அவ குளிக்கத் தண்ணி வெக்க உள்ள போனா. அவன் கிட்ட வந்து மெதுவாக் கேக்குறான், மாமா, போட்டோவ ஸ்டேசன்ல காட்டுனாங்க, கண்ணு தொறந்து விழுந்திருக்கேன் பாத்தீங்களான்னு.

உங்களுக்கு இது புரியணும்னா ஒண்ணு சொல்லணும். அவன் எந்தப் போட்டோவுலயும் கண்ண மூடிடுவான் சார். எங்க கல்யாணத்துல அவனுக்கு ஏழு வயசோ எட்டோ. அதுலேர்ந்து மூடுறான். கிடா வெட்டு, காது குத்து, பரீட்ச நம்பரு ஒட்டுற போட்டோ, எதுலயும் கண்ணு மூடித்தான் இருக்கும். ஒண்ணு ரெண்டு மூணு சொல்லி எடுத்தாலும் மூணுக்கு மூடிடுவான். பரீட்ச போட்டோவுக்கு நான் நெகட்டிவ்ல பென்சிலால கண்ணு வரைஞ்சி குடுத்திருக்கேன். வூட்ல இது ஒரு வெளையாட்டு. உன் கண்ண ஒரு நாளு புடிக்கிறேன்டா பாருன்னு சொல்லிக்கினே இருப்பேன்.

எண்பத்தொம்போதுல ஒதுக்கீடு வந்திடுச்சி. முழுசாக் கேட்டது வரல, ஆனா வந்திச்சி. ஊர்ல பட்டாசு. கண்டக்டரு வேலைக்கு எழுதிப் போட்டான், கூப்பிட்டாங்க. பைய மாட்டிக்கினு விசில் ஊதிக் காட்டுனான் இங்க, இதே எடத்துல நின்னு. அப்பறம் போலீஸ் விசாரணைக்குப் போச்சி. பஸ்ஸுக் கண்ணாடி ஒடைச்ச கேசு இருக்கிறவனுக்கு பஸ்ஸுல எப்பிடி வேல குடுப்பாங்க? அவன் கூட ரோட்ல நின்னான் பாருங்க, துண்டு கட்டிக்கினு, அதுல நாலு பேரு இன்னிக்கு கவர்மெண்டு உத்தியோகம். நல்லாருக்கட்டும். பொங்கலு கழிஞ்சி மூணாம் நாளு, கரும்புக்கு அடிக்கிற மருந்தக் குடிச்சிட்டான்.

பாடைத் தேர்ல ஒட்டணும், பதினாறாம் நாளு காரியத்துக்குப் படம் வெக்கணும், போட்டோ குடு மாமான்னு ஆளுங்க வந்து நிக்கிறாங்க. ஸ்டுடியோ வெச்சிருக்கிறவன் வூட்ல பொட்டி பூரா அவன் படம். எல்லாத்துலயும் கண்ணு மூடியிருக்குது. செத்தவனுக்குக் கண்ணு மூடுன படத்த எப்பிடி சார் வெக்கிறது? செல்வி ஒரு படத்த எடுத்துப் பாத்துட்டு, அய்யோ அப்பவே செத்தவன் மாதிரி இருக்கானேன்னு மாருல அடிச்சிக்கினா.

அன்னிக்கு இன்ஸ்பெக்டருக்கு ஒண்ணு பெருசு பண்ணேன் இல்ல, அப்ப கூட ஒண்ணு போட்டு டார்க் ரூம்ல பேப்பர் டப்பாவுக்கு அடில ஒளிச்சி வெச்சிருந்தேன். அத எடுத்தேன். கத்திரி வெச்சி கோடாலிய வெட்டுனேன், கைய வெட்டுனேன். தோள வெட்ட முடியல, வெட்டுனா கழுத்து போவுது. பிரேம் போட்டு மாட்டிட்டேன். எப்ப எடுத்தேன்னு செல்வி கேட்டா. அந்த வாரந்தான், ஒரு நாளு சாப்பிட வந்தப்ப, என் கேமராவுலன்னேன். எங்கால்ல வுழாத கொறையா அழுதா. என் தம்பி கண்ண நீயாவது புடிச்சி வெச்சியேன்னு.

மாசாமாசம் அம்மாவாசைக்கு மால மாத்துவா. பூ நான்தான் வாங்கியாருவேன். மாலையப் போட்டுட்டு, கற்பூரம் காட்டிட்டு, அந்தப் பேப்பர்காரனுக்கு சாபம் வுடுவா. எந்தக் கை என் தம்பிய எடுத்துச்சோ அந்தக் கை வெளங்காமப் போவணும்னு. நான் பக்கத்துல கும்புட்டுக்கினு நிப்பேன்.

இல்லீங்க, கேமரா மேல பழியப் போடல. இவ்ளோ நேரமா அப்பிடித்தான் பேசிக்கினு இருந்தேன், எனக்கே தெரியுது. மிசினு தானே எடுத்துடுச்சி, நான் இன்னா பண்ணுவேன்னு மூணு வருசமா எனக்கே சொல்லிக்கினு இருக்கேன். நீங்க ஊரு பேரு தெரியாதவரு, டீ குடிச்சிட்டு பஸ்ஸேறிடுவீங்க. உங்ககிட்ட சொன்னா இன்னா.

ஸ்டவ்வு அணைஞ்சிடுச்சி. கேட்டுதா?

அவன் துண்ட அவுத்தப்ப இன்ஸ்பெக்டரு எம்பக்கத்துல இல்ல சார். கைப்புடிச் செவத்தாண்ட போயி ஒயர்லெஸ்ல பேசிக்கினு இருந்தாரு, முதுகக் காட்டிக்கினு. என்ன யாரும் அமுக்கச் சொல்லல. கேமராவ எறக்கியிருக்கலாம். கையக் காட்டி, கட்டுடான்னு சைகை பண்ணியிருக்கலாம். அதுக்கெல்லாம் நேரம் இருந்திச்சி. கண்ண வெச்சிப் பாக்குறேன், அவன் மூஞ்சி கலங்கலா இருந்திச்சி, லென்சு கிர்ருன்னு தானே சுத்திச்சி, மூஞ்சி வந்து நின்னுடுச்சி. கண்ணு ரெண்டும் தொறந்து. சிரிக்கிறான். பதினஞ்சு வருசமா எனக்குச் சிக்காத கண்ணு. அவ்ளோ நல்லா இருந்திச்சி சார். அதான் அமுக்குனேன்.

வா செல்வி. அந்த டீபாய் மேல வை. சாருக்கு சக்கர கம்மியாத்தான போட்ட? ஒண்ணுமில்ல, தொழில் பேச்சுதான். கண்ணு ஏன் கலங்குதா, கெமிக்கல் காத்து, வேற இன்னா. சாரு தம்பி போட்டோவப் பாத்துட்டு எந்தக் கேமராவுல எடுத்தீங்க, இவ்ளோ நல்லா இருக்குதேன்னு கேட்டாரு. இதுலதான் சார்னு சொல்லி, தோ, என் கேமராவ எடுத்துக் காட்டிக்கினு இருந்தேன்.